அண்ணாமலை அடிவாரத்தில் ஒரு மெத்தை வீடு

ஈப்போவிலிருந்து புறப்பட்ட நாளன்று என் துணைவியார் பூங்கோதை ஒரே ஒரு பணியை என்னிடம் ஒப்படைத்தார்: திருவண்ணாமலையில் வீடு பார்த்து வரவேண்டும். நாங்கள் இருவரும் மலேசியாவில் தமிழாசிரியர்களாய் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஆண்டில் சில திங்களேனும் அண்ணாமலையின் அடிவாரத்தில் வாழ்வது அவருடைய நெடுநாள் விருப்பம். முழங்கால் நோயுடையவர் ஆதலின் படிகள் கூடா. கழிப்பறையில் அமரும் பீடம் வேண்டும். படுக்கையில் கிடந்தபடியே மலையைக் காண இயலவேண்டும். "மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்" என்றார். மற்றது என்று எதுவும் எஞ்சியிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

செஞ்சிக் கோட்டையைக் கடந்து, தொடுவானில் மலை நீலமாய்த் தலைகாட்டிய இடத்தில் எங்கள் பேருந்தின் சக்கரம் வெடித்தது. எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். எங்கிருந்தோ ஒரு பெண்மணி கூடையுடன் தோன்றி, "மல்லாட்ட, சூடான மல்லாட்ட" என்று கூவினார். கூடையில் இருந்தது அவித்த நிலக்கடலை. மணிலாக்கொட்டை என்பதே நாவில் உருண்டு உருண்டு மல்லாட்டை ஆகியிருக்கிறது! கடல் கடந்து வந்த பயிர் தான் புறப்பட்ட துறைமுகத்தின் பெயரை இந்தச் செம்மண்ணில் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. எங்கள் நாட்டிலோ மலாய்ச் சொல்லையொட்டிக் கச்சான் என்போம். இவ்வாறு நான் அருகில் நின்றவரிடம் விளக்கிக்கொண்டிருக்கையில் அவர் குறுக்கிட்டார். "இன்னா சார், துன்றதை வுட்டுட்டுப் பேரை ஆராய்ச்சி பண்றீங்க? ஆறிடப் போவுது."

ஆறும் முன் தின்றேன். உப்பும் மண்மணமும் கூடிய அச்சுவைக்கு நிகராக எங்கள் கடைகளில் பொதியிட்டு விற்கும் எதையும் சொல்ல இயலாது.

ஊருக்குள் நுழைந்தபோது மலை பெருத்துக்கொண்டே வந்தது. ஏனைய ஊர்களில் மலை ஊருக்கு அப்பால் இருக்கும். இங்கே ஒவ்வொரு தெருவின் முடிவிலும், கடைப் பலகைகளின் இடுக்கிலும், மாடியில் உலர்த்திய துணிகளின் பின்னும் அது நின்றது. அந்த ஒரு மலையின்முன் தங்களை எவ்வெவ்வாறு அமர்த்திக்கொள்வது என்பதை முடிவு செய்யவே இவ்வூரார் வீடு கட்டுகிறார்களோ என்று முதல் மாலையே எண்ணினேன்.

மறுநாட்காலை, விடுதிக்கு எதிரே இருந்த உணவகத்தில் பூப்போன்ற இட்டிலியும் கொத்துமல்லித் துவையலும் உண்டு வெளியே வந்தேன். வரிசையாக நின்ற மூவுருளி வண்டிகளை நோக்கி, "தானி கிடைக்குமா?" என்று வினவினேன். ஆட்டோவுக்கு எங்கள் வட்டத்தில் வழங்கும் சொல் அது.

ஓட்டுநர் ஒருவர் தலையை நீட்டினார். "தானியமா? கேவுரு, கம்பு எல்லாம் மார்க்கெட்டாண்ட கெடைக்குங்க. இது ஆட்டோ."

விளக்கினேன். அவர் வாய்விட்டு நகைத்தார். ஏழுமலை என்று பெயர். நாற்பது அகவை இருக்கும். நான் வீடு தேடி வந்தவன் என்று அறிந்ததும், "ஏறுங்க ஐயா, ஊருல இருக்கற அத்தனை தினுசும் காட்டிடறேன்" என்றார். அவ்வாறே காட்டினார்.

முதலில் சென்றது பேகோபுரத் தெருவின் மேல்முனை. அங்கே ஒரு வீட்டுக்கு மூன்று சுவர்களே கட்டப்பட்டிருந்தன. நான்காவது சுவர் மலையின் பாறை! வெள்ளையடித்த அறைக்குள் கருஞ்சாம்பல் நிறத்தில், யானையின் விலாவைப்போல், பாறை உள்நோக்கிப் புடைத்திருந்தது. அதில் ஓர் ஆணி அடித்து நாட்காட்டி மாட்டியிருந்தார்கள்.

"மழை நாளுல பாறை வேர்க்குங்க" என்றார் வீட்டுக்கார அம்மையார். "துண்டால தொடைச்சி விட்டுடுவோம், கொழந்தைக்குத் தொடைக்கிற மாதிரி. வெயில் நாளுல முதுகைச் சாய்ச்சி உக்காந்தா ஃபேனே வேணாம்."

நானும் முதுகைச் சாய்த்து அமர்ந்து பார்த்தேன். உலகம் முழுவதிலுமிருந்து வந்து மக்கள் வலம்வரும் மலையில் ஒரு குடும்பம் சாய்ந்தமர்ந்து காப்பி அருந்துகிறது. எனக்கு மெய்சிலிர்த்தது. ஆயினும் அவ்வீட்டுக்கு ஏறிச்செல்லப் படிகள் மிகுதி, பூங்கோதையால் இயலாது.

அடுத்து, தேரடிக்கு அருகே தொடர்வண்டி போன்று நீண்ட ஒரு வீடு. முன்வாயிலில் நின்றால் ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் தெரிந்தன. ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு குடும்பம். குழாய் ஒன்று. பெண்கள் இருவர் அதன் முறைக்காக வழக்காடியவாறே ஒருவர் குழந்தைக்கு மற்றவர் சோறூட்டிக்கொண்டிருந்தனர். எங்கள் நாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களை நினைந்தேன். நான் பிறந்ததும் அத்தகைய லயத்தில்தான். ஆனால் அங்கே எல்லார் வாயிலும் வெளிநோக்கித் திறந்தது. இங்கே ஒருவர் தம் வீட்டுக்குச் செல்ல நால்வர் வீட்டுக்குள் புகுந்தே செல்லவேண்டும். புகுந்து செல்லும்போது, "கொழம்பு இன்னா?" என்று வினவுவது வரியைப்போல் கட்டாயம் என்றார் ஏழுமலை.

மலைச்சரிவில் ஒரு குகையையும் கண்டேன். பழந்தமிழில் முழை என்பர். அந்த முழைக்கு மரக்கதவும் கதவுக்குப் பூட்டும் இருந்தன. வெளியே இரு துறவியர் தெலுங்கில் உரத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை எனக்கு மொழிபெயர்த்தார்: "சாவியை எங்கடா வெச்சேன்னு ஒருத்தரு கேக்கறாரு. எல்லாத்தையும் வுட்டவன்கிட்ட சாவியக் குடுத்தது உன் தப்புன்னு இன்னொருத்தரு சொல்றாரு."

பிற்பகலில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில் புதுமனைகள் பார்த்தோம். கிளிப்பச்சையும் ஊதாவும் பூசிய வீடுகள், வழுக்கும் தரை, பீடமமைந்த கழிப்பறை. படுக்கையறைச் சாளரத்தில் மலை, சட்டமிட்ட படம்போல. என் தேடல் முடிந்ததென்றே எண்ணினேன். உரிமையாளர் அரசு அலுவலர். அன்பாகத் தேநீர் தந்துவிட்டு, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார்.

"ஆசிரியர்" என்றேன்.

"அது வேலைங்க. ஆளுங்க என்ன?"

தேநீர்க் குவளையை மேசைமீது வைத்துவிட்டு எழுந்தேன். ஏழுமலை வண்டியைக் கிளப்பிக் சிறிது தொலைவு வந்தபின், "அந்த வூட்ல மலை நல்லாத்தான் தெரிஞ்சுது" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் நாள் செங்கம் சாலைப் பக்கம். ஆசிரமங்களைச் சூழ்ந்த அப்பகுதியில் வெளிநாட்டார் தெருவெங்கும் வெண்ணிற ஆடையில் நடந்தனர். அவர்களுள் பலர் விரும்பிக் குடியிருப்பது கீற்று வேய்ந்த குடிசைகளில்! பழம்புலவர் குரம்பை என்பர். சாணம் மெழுகிய தரை, மண்சுவர், தென்னங்கீற்று. உள்ளே நுழைந்தால் உச்சிப்பொழுதும் மரநிழல்போல் குளிர்ந்தது. இத்தனை எளிய பொருள்களால் இத்தனை இன்பத்தை ஆக்கிய அறிவை வியந்து நின்றேன்.

ஏழுமலைக்கு அந்த வியப்பு இல்லை. "எங்க ஜனங்க கூரையப் பிச்சிட்டுக் காங்கிரீட் போட உயிரை வுடறாங்க. இவங்க காசு குடுத்துக் கூரையக் கேக்கறாங்க. என் குடிசைலயும் ஒரு அம்மா இருக்காங்க, சுவிட்சர்லாந்து. நாங்க பின்னாடி பிளாஸ்டிக் ஷீட்டு கட்டிக்கினு அதுக்குள்ள இருக்கறோம்."

"தங்கள் வீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டா?"

"வாடகை வருதில்ல? அந்தக் காசுலதான் பின்னாடி புதுசா ரெண்டு ரூம்பு எழுப்பறோம், ரெண்டு வருஷமா. இந்த வண்டிய வித்துட்டா வேலை முடிஞ்சிடும். செங்கத்துக்காரர் ஒருத்தர் கேட்டுக்கினு இருக்காரு." சற்றுப் பொறுத்துத் திரும்பினார். "ஐயா, நம்ம வூடு படி இல்லாத வூடு. பாத்ரூம்லகூட உக்கார்ற மாதிரி வெச்சிருக்கேன். ஃபாரின்காரங்களுக்கு வுடலாம்னு. வந்து பாக்கறீங்களா?"

நாங்கள் சென்றடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, மின்சாரம் இல்லை. முன்னே கீற்றுக்குடிசை. அதன் வாயிலில், நரைத்த கூந்தலைக் கொண்டையிட்ட வெளிநாட்டு அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பின்னே செங்கற்சுவர் வீடு. அதன் பக்கச் சுவரோடு சாய்த்துக் கட்டிய நீல நெகிழிப் போர்வையின் கீழே அடுப்பு, பாய், பானை, ஒரு குடும்பத்தின் அனைத்தும். அதனுள்ளிருந்து ஏழுமலையின் மனைவி சரோஜா கைவிளக்கோடு வந்து என்னைப் புதுவீட்டுக்குள் அழைத்துச் சென்றார்.

உள்ளே முட்டுக்கொம்புகள் காடுபோல் நின்றன. மேலே இடைவெளியின்றிப் பலகைகள் அடைத்திருந்தன. எங்கள் நாட்டில் பெரும்பாலான பழைய வீடுகளுக்கு மேற்புறம் பலகையே அடைப்பர். அழகிய மரக்கூரை என்று கண்டு மகிழ்ந்தேன். கொம்புகளை வேலை முடிந்ததும் அகற்றிவிடுவார்கள் என்று எண்ணினேன். வடக்குச் சாளரத்தில், இருளும் வானத்தின்முன் இருளினும் கரியதாய் மலை. இங்கே கட்டிலை இட்டால் பூங்கோதை கண்விழிக்கும்போதெல்லாம் அதைக் காண்பார்.

"வீடு முடிந்துவிட்டதே அம்மா" என்றேன்.

"எங்கங்க முடிஞ்சுது?" என்றார் சரோஜா. "மெத்தை போடணுமே. அதுக்குத்தான் முழி பிதுங்குது. பெரியம்மாவுக்கு முட்டி வலின்னு இவரு சொன்னாரு. மெத்தை போடாம அவங்க எப்பிடி வந்து இருப்பாங்க?"

நான் நெகிழ்ந்துபோனேன். என் மனைவியின் முழங்காலுக்காக, நெகிழித்தாளின் கீழ் வாழும் ஒரு பெண் மெத்தைக்குக் கவலைப்படுகிறாள்! "மெத்தையைப் பற்றி நீங்கள் வருந்தவேண்டா. அது என் பொறுப்பு. நானே போட்டுத் தருகிறேன்" என்றேன்.

கைவிளக்கு அசையாமல் நின்றது. ஏழுமலை, "ஐயா, நெஜமாவா சொல்றீங்க?" என்றார்.

"இதிலென்ன? என் துணைவியார் படுத்துறங்கப் போகும் இடமல்லவா? எத்தனை அங்குலம் வேண்டும்?"

"மேஸ்திரி நாலு இஞ்சி போதும்னாருங்க" என்றார் சரோஜா, மிகவும் தணிந்த குரலில்.

"நான்கு போதாது. ஆறு போட்டுவிடலாம்."

"ஆறா!"

"ஆம். இரண்டு அறைக்கும்."

சரோஜா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பின்னர் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டார். நான் பதறி விலகினேன். இரண்டு மெத்தைக்கு இத்தனை நன்றியா என்று எண்ணி, இம்மக்களின் எளிமையை வழிநெடுக வியந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் நாள் நன்றாயிருக்கிறது, அன்றைக்கே போட்டுவிடலாம் என்றார் ஏழுமலை. மெத்தை போடவும் நாள் பார்க்கும் ஊர் என்று குறித்துக்கொண்டேன்.

அன்றே தொலைபேசி நிலையத்திலிருந்து பூங்கோதையிடம் பேசினேன். "படி இல்லை, பீடம் உண்டு, மலை உண்டு. மெத்தை மட்டும் வாங்கவேண்டும்." "இலவம்பஞ்சா பாருங்க. கடையில ஏமாந்துடாதீங்க" என்றார்.

பள்ளிவாசலை அடுத்த தெருவில், பரம்பரையாய்ப் பஞ்சுத்தொழில் செய்யும் ஒரு குடும்பத்தாரின் கடையில் சொல்லிவைத்தேன். கடைக்காரர் தாடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. "ஆறு இஞ்சிங்களா? ஜாஸ்தி ஆச்சே. ஒட்டகம் கிட்டகம் படுக்கப் போவுதா?" என்றார். ஆயினும் சொன்ன நாளில் தைத்து முடித்தார். அவருடைய கையூசி அத்துணை விரைவில் ஓடியதைக் கண்டு அங்கேயே சிறிது நேரம் நின்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சரக்கு மிதிவண்டியொன்றில் மெத்தைகளை ஏற்றி, வண்டிக்காரரின் பின்னால் இன்னொரு தானியில் சென்றேன். செங்கம் சாலையில், துறவியர் வரிசையாக அமர்ந்திருக்கும் இடத்தருகே கயிறு தளர்ந்து மேல்மெத்தை சரிந்து விழுந்தது. நாங்கள் இறங்கி ஓடுவதற்குள் முதிய சாமியார் ஒருவர் அதன்மேல் சம்மணமிட்டு அமர்ந்துவிட்டார்.

"சாமி, எழுந்திருங்க. அது இவரு மெத்தை" என்றார் வண்டிக்காரர்.

"கூப்பிடாமயே வந்துச்சி. எனக்குன்னு நெனைச்சேன்" என்றார் சாமியார், மனமின்றி எழுந்தவாறே. "பரவால்ல, நல்லாத்தான் தைச்சிருக்கான்."

ஏழுமலையின் வீட்டு வாயிலில் பெருங்கூட்டம். தலையில் துண்டு கட்டிய ஆண்களும் பெண்களும் இருபது பேருக்குக் குறையாமல் இரும்புத் தட்டுகளோடு நின்றனர். கலவை இயந்திரம் ஒன்று வாயைத் திறந்து நின்றது. ஜல்லியும் மணலும் குவிந்திருந்தன. தட்டில் தேங்காய், கற்பூரம், ஒரு சாமந்தி மாலை. புதுவேட்டி உடுத்திய ஏழுமலை மாலையைக் கையிலெடுத்தவர், மிதிவண்டியிலிருந்து இறங்கிய பொருளைக் கண்டு அப்படியே நின்றார்.

"இன்னா சாமான் இது?" என்றார் மேஸ்திரி. மஸ்தான் என்பது அவர் பெயர்.

"மெத்தை" என்றேன். "ஆறு அங்குலம்."

கலவை இயந்திரத்தின் அருகே நின்ற ஒரு பெண்தான் முதலில் களுக்கென்று சிரித்தாள். "அடியே சரோஜா, உங்கய்யா மெத்தை கொண்டாந்துட்டாருடி! ஏறிப் படு!" கூட்டம் முழுவதும் சிரித்தது. மஸ்தான் மேஸ்திரி மணற்குவியலின்மேல் அமர்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

சரோஜா சிரிக்கவில்லை. என் அருகே வந்து மேலே பலகைகளைச் சுட்டினார். "மெத்தைன்னா இதுங்க. பலகை மேல காங்கிரீட் கொட்டிப் போடறது. தளம். கூரை வூடு, ஓட்டு வூடு, மெத்தை வூடுன்னு சொல்றமே, அந்த மெத்தை."

மின்சாரமில்லாத அந்த மாலையில் நிகழ்ந்த உரையாடல் ஒவ்வொரு வரியாக என் செவியில் மீண்டது. நான்கு அங்குலம். ஆறு. இரண்டு அறைக்கும். மேல்தளத்தை மெத்தை என்பது வடபகுதி வழக்கென்று என்றோ அகராதியில் படித்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மல்லாட்டையின் ஊர்மூலம் கண்டு மகிழ்ந்தவனுக்கு மெத்தை பஞ்சாகவே தோன்றியிருக்கிறது.

ஏழுமலை கைப்பேசியுடன் சற்று ஒதுங்கினார். ஆயினும் அவர் பேசியது கேட்டது. "அண்ணே, நான் ஏழுமலை... ஆமாண்ணே, அன்னிக்கி வேணாம்னு சொன்னேன்... இல்ல, இப்ப வித்துடலாம்னு... ஓ. வேற வண்டி எடுத்துட்டீங்களா. சரிண்ணே. பரவால்லண்ணே."

செங்கத்துக்காரர்தான். என் சொல்லை நம்பி, வண்டியை விற்கவேண்டியதில்லை என்று அவரை அனுப்பிவிட்டிருக்கிறார். சிமெண்டு கடையில் இருக்கிறது. பணம் கொடுத்தால்தான் வரும். இயந்திரமும் ஆட்களும் இன்று தவறினால் மீண்டும் அமைவது அரிது. ஆவணியின் இறுதி, மழைக்காலம் வாயிலில் நிற்கிறது. பலகைகள் நனைந்து உப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. அவர்கள் இரண்டு ஆண்டு அந்த நெகிழித்தாளின் கீழ் கழித்தது இந்த ஒரு நாளுக்காக.

"நான் போட்டுத் தருகிறேன் என்றேன்" என்றேன். "உங்கள் செவியில் அது எப்படி விழுந்ததோ அப்படியே இருக்கட்டும்."

"வேணாங்க" என்றார் சரோஜா, உடனே. "தெரியாம சொன்னதுக்கு உங்ககிட்ட வாங்கறதா? ஊரே இன்னா பேசும்?"

"ஊரு இப்பவே பேசுது" என்றார் மஸ்தான். "அம்மா, நேரம் போவுது. வெயிலு ஏறினா கலவை இறுகிடும். மழை வந்தா கரைஞ்சிடும். நீங்க ரெண்டு பேரும் மரியாதை பேசி முடிங்க, நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம்."

சரோஜா சற்று எண்ணினார். "நீங்க வூட்டுக்குக் குடி வர்றது நெஜந்தானே?"

"உறுதியாக."

"அப்போ அட்வான்ஸ்னு குடுங்க. குடி வர்றவங்க எல்லாரும் குடுக்கறதுதான். அதை வாங்கிக்கறேன். சும்மா வேணாம்." பின்பு முதன்முறையாகச் சிரித்தார். "ஆறு இஞ்சியும் வேணாம். நாலு போதும்."

எங்கள் நாட்டில் வீடு எடுத்தால் வழக்கறிஞரும் முத்திரைத்தாளும் வேண்டும். இங்கே ஜல்லிக்குவியலின் அருகே நின்றபடியே குடியேற்றம் முடிந்தது. ஏழுமலை வண்டியை வங்கிக்கு விரட்டினார். அவர் திருப்பங்களில் சாய்ந்த சாய்வுக்கு நான் பாதி வழி வெளியே தொங்கினேன்.

சிமெண்டு வந்து இறங்கியதும் கிழக்கு மூலையில் கற்பூரம் ஏற்றினார்கள். முதல் தட்டுக் கலவையைக் கொட்டும்படி என்னிடம் நீட்டினார் மஸ்தான். அதன் கனம் அறியாமல் வாங்கி, தள்ளாடிக் கொட்டினேன். "போதும் போதும், ஐயா மெத்தை போட்டாச்சு!" என்று கூவினார்கள்.

அதன்பின் நிகழ்ந்ததை எந்தச் சொல்லால் எழுதுவேன்? இயந்திரம் உருண்டது. தரையிலிருந்து ஏணி வழியே மேல்தளம்வரை மனிதர்கள் சங்கிலியாய் நின்றார்கள். நிறைந்த தட்டுகள் கைமாறி மேலேறின. வெற்றுத்தட்டுகள் காற்றில் பறந்து கீழிறங்கின. ஒன்றுகூடத் தவறவில்லை. "வாங்கு, வாங்கு" என்ற குரலும் "தள்ளு" என்ற குரலும் மாறி மாறி ஒலிக்க, அவற்றின் நடையிலேயே அத்தனை உடல்களும் அசைந்தன. ஏணியின் நடுப்படியில் நின்ற பெண், சரோஜாவைக் கேலி செய்தாளே அவள்தான், தட்டு ஒவ்வொன்றையும் வாங்கித் தலைக்குமேல் கொடுத்தபடியே மாமியாரைப் பற்றி ஒரு நீண்ட கதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். சுவிட்சர்லாந்து அம்மையாரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றார். இளைப்பாறும்போது என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "எழுபது ஆண்டு பழைமையான கூரையின்கீழ் வளர்ந்தேன். அது எப்படி மேலே வந்தது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை."

நானும் எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் வரிசைவீட்டுக் கூரையை யார் கைகள் ஏற்றின என்று அறியாமலே முப்பது ஆண்டு அதன்கீழ் உறங்கியிருக்கிறேன். இங்கே ஒரு வீட்டின் மேல்தளம், இருபது பேரின் தோள்வழியே, சிறுசிறு தட்டாக வானத்துக்கு ஏறுவதைக் கண்டேன். அதற்கு அப்பால், அசையாமல், மலை.

நடுப்பகலில் எல்லாருக்கும் சாம்பார்ச்சோறும் வாழைக்காய் வறுவலும். வரிசையில் அமர்ந்து உண்டோம். புதுமெத்தைகள் இரண்டும் குடிசையின் நிழலில் கிடக்க, உண்டு களைத்தவர்கள் முறைவைத்து அவற்றின்மேல் சாய்ந்தெழுந்தனர்.

மாலையில் கடைசித் தட்டு ஏறியபோது மலையின் உச்சி முகிலில் மறைந்தது. "ஷீட்டு, ஷீட்டு!" என்று கத்தினார் மஸ்தான். நீல நெகிழியை அவிழ்த்தார்கள், அது போதவில்லை. அடுத்த நொடி தெரு முழுவதும் ஓடியது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விளம்பரப் பதாகைகள் வந்தன. பூப்புநீராட்டு வாழ்த்து, காதணி விழா, பிறந்தநாள், யாரோ ஒருவரின் நினைவஞ்சலி. வாழ்த்துவோரும் வணங்குவோருமாகப் பல முகங்கள் வானம் நோக்கிப் படுத்து, ஈரத்தளத்தை மூடின. தூறல் அவர்கள் கன்னங்களில் தெறித்து வழிந்தோடியது.

"நாளைக்குக் காலைல பாத்தாத் தெரியும்" என்றார் மஸ்தான். அவர் முகத்தில் சிரிப்பில்லை. தம் நெகிழிப் போர்வையையும் தளத்துக்கே தந்துவிட்டதால், அன்றிரவு ஏழுமலையும் சரோஜாவும் சுவிட்சர்லாந்து அம்மையாரின் வீட்டுக்கு, அதாவது தங்கள் வீட்டுக்கே, விருந்தினராகப் போனார்கள்.

காலையில் நான் சென்றபோது பதாகைகளைச் சுருட்டிவிட்டிருந்தனர். மஸ்தான் மேலே குந்தி அமர்ந்து சாவியொன்றால் தளத்தைக் கீறிப்பார்த்தார். வேறிடத்தில் கீறினார். மூலைகளில் கீறினார். கீழே சரோஜா கையைப் பிசைந்தபடி நின்றார்.

"கல்லும்மா" என்றார் மஸ்தான். "கல்லு."

பின்னர் தளத்தின்மேல் களிமண்ணால் சிறுசிறு பாத்திகள் கட்டி நீர் நிறைத்தனர். சிமெண்டு இறுக நீர் வேண்டுமாம். ஏணியேறிச் சென்று பார்த்தேன். பாத்திதோறும் ஒரு மலை தலைகீழாய் நின்றது. வயல்போல் ஆகிவிட்ட அந்தக் கூரையின்மேல் நெடுநேரம் நின்றேன்.

மறுநாள் புறப்படவேண்டும். மாலையில் விடைபெறச் சென்றேன். அப்போது பிடித்தது மழை. தூறலன்று; மலையை முற்றிலும் அழித்துவிட்டுக் கொட்டிய பேய்மழை. நாங்கள் மூவரும் புதுவீட்டுக்குள், முட்டுக்கொம்புகளின் நடுவே ஒதுங்கினோம்.

சரோஜா பலகை இடுக்குகளில் கையை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து உற்றுக்கேட்டார். நெகிழித்தாளின் கீழ் வாழ்ந்தபோது மழை என்றால் பேச்சு கேட்காத அளவு இரைச்சல். அதற்குமுன் குடிசையில், பாத்திரங்களில் ஒழுகும் ஒலி. இப்போது தலைக்குமேல் ஒன்றும் இல்லை.

"ஏங்க, பேயுதா? நின்னுடுச்சா?" என்றார் கணவரிடம்.

"பேயுதும்மா. சன்னல்ல பாரேன்."

அவர் சன்னலை நம்பவில்லை. வாசலுக்குச் சென்று, மழையில் இறங்கி, நனைந்து, திரும்ப உள்ளே வந்து மேலே பார்த்தார்.

"பேயுதுங்க" என்றார் என்னிடம், முகத்தில் நீர் வழிய. "மேல சத்தமே இல்லியே." மீண்டும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வெளியே போனார்.